ஸ்கேன் டீச்சரும் ஒரே மாதிரிக் குறிப்புகளும்

ஸ்கேன் டீச்சருக்கு யார்மேலும் தனிப்பட்ட விரோதம் கிடையாது. சந்தேகம் மட்டும்தான். அதையும் பாரபட்சம் பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகவே பங்கிட்டுக் கொடுத்தார். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பார். அதை அச்சடித்தவன் எந்த நினைப்பில் இருந்தானோ என்று முகர்ந்தும் பார்ப்பார். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எண்ணை நம்பி ஏறிவிட மாட்டார். டிரைவரிடம் கேட்பார், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கேட்பார், இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் "பேசி வச்ச மாதிரி சொல்றாங்களே" என்று படியிலேயே நின்று யோசிப்பார். போனில் "நான்தான்" என்று கூப்பிடுகிற ஆள் கட்டின கணவராகவே இருந்தாலும், "நான்தான்னா யாரு?" என்று விசாரித்து முடிக்காமல் பேச்சைத் தொடங்கியதில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் தெளிவாக்கிய மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் பார்க்காதவராகிவிடுவார். "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று டீச்சர் கேட்டால், "உனக்கு எப்படித் தோணுது?" என்பார். அந்தக் குடும்பம் இத்தனை காலம் சேதமில்லாமல் ஓடியதற்கு அந்த ஒரு வரியே காரணம்.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணமா என்றால், பாதிதான். மீதியைச் சம்பளம் கொடுத்து வளர்த்தார்கள். டீச்சர் முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தார். தீப்பிடித்த கடை, காணாமல் போன வண்டி, மாடிப்படியில் வழுக்கிய இடுப்பு என்று வந்து குவியும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்து, எங்கே புளுகு இருக்கிறது என்று ஓரத்தில் குறித்து மேலே அனுப்புவது வேலை. மற்றவர்கள் கடிதத்தில் உண்மையைத் தேடினார்கள், அதற்கு நேரமாகும். டீச்சர் பொய்யைத் தேடினார். அது தானாகவே கையை ஆட்டிக் கூப்பிடும். பக்கத்து மேஜைக்காரர் ஒரு கடிதத்தை முடிப்பதற்குள் டீச்சர் ஒரு கட்டு முழுவதையும் முடித்துவிட்டு, அவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறார் என்று சந்தேகப்படவும் நேரம் கண்டுபிடிப்பார். ஒரு நாள் ஆபீஸ் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியது. கையில் மிஞ்சியவை இரண்டு: கண்ணை ஓடவிட்டுப் படிக்கிற வேகம், அந்தக் கம்ப்யூட்டர்மேல் இன்றுவரை ஆறாத சந்தேகம்.

வேகத்தைப் பாடமாக்கினார். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு சின்ன நிலையத்தில் அவருக்கு ஒரு வகுப்பு கிடைத்தது: விரைவாக வாசிப்பதும் குறிப்பெடுப்பதும். வகுப்பு முதல் மாடி. கீழே பல் ஆஸ்பத்திரி. துளைபோடும் மெஷின் கிர்ரென்று ஆரம்பித்தால், மேலே படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் எவ்வளவு அழித்தாலும் போகாத ஒரு பழைய அம்புக்குறி. எதைக் காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் அதையும் நம்பவில்லை.

சொல்லித்தந்த விஷயம் என்னவோ உருப்படியானதுதான். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் நம் ஆட்கள் முதல் வார்த்தையில் நின்று, அகராதியைத் திறந்து, அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடி, மூன்றாவது வரிக்கு வருவதற்குள் வாழ்க்கையே வெறுத்துப் போவார்கள். டீச்சர் அகராதிகளை வாசலிலேயே பறித்துவைத்தார். "தெரியாத வார்த்தையப் பாத்தா தெருவுல தெரியாத ஆளப் பாத்த மாதிரி. நின்னு கைகுடுக்கக் கூடாது. கடந்து போய்க்கிட்டே இருக்கணும்." முதலில் தலைப்பு, அப்புறம் ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசி வரி என்று மேலோட்டமாக ஓடுவது ஸ்கிம்மிங். தேதி, பெயர், அளவு என்று ஒன்றை மட்டும் குறிவைத்துத் தேடுவது ஸ்கேனிங். உதடு அசையக் கூடாது. குறிப்பை முழு வாக்கியமாக எழுதக் கூடாது. சுருக்கு, அம்பு போடு, உன் சொந்த வார்த்தையில் எழுது. ஸ்கேனிங் என்று அவர் சொல்லும்போது ஆளைத் தலை முதல் கால்வரை பார்க்கிற பார்வையில் எலும்பே தெரிந்துவிடும் போலிருக்கும். அதனால்தான் மாணவர்கள் அவருக்கு ஸ்கேன் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்குத் தெரியும். யார் வைத்தது என்பதைத்தான் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாணவர்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் உண்டு. டிரைவர் என்றே எல்லோருக்கும் பழக்கம். குறிப்பெடுக்கச் சொன்னால் அவர் வரைபடம் போடுவார். முக்கியமான கருத்துக்கு ஒரு ரவுண்டானா, அதிலிருந்து கிளை ரோடுகள், கடைசியில் ஒரு முட்டுச்சந்து. இன்னொருவரான செக்யூரிட்டி அண்ணன் உதடு அசையாமல் இருப்பதற்காகப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு படிப்பார். குறிப்பு எழுத வேண்டிய நேரத்தில் பென்சிலைத் தேடுவார். இவர்களோடு ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்க்கிற ஒரு பெண்மணி. வார்டக்கா.

வார்டக்கா பொழுதுபோகாமல் படிக்க வந்தவர் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்டுக்குக் குறிப்பாளர் ஒருவரை எடுக்கப் போகிறார்கள். டாக்டர்கள் ஆங்கிலத்தில் நீளநீளமாக எழுதிவைப்பதைச் சட்டென்று படித்து, எந்தப் படுக்கைக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று நாலு வார்த்தையில் எழுதி அடுத்த ஷிஃப்டுக்குக் கொடுக்க வேண்டும். "உங்க வகுப்பு டீச்சர்கிட்ட, இவங்களால முடியும்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வா, மாசக் கடைசிக்குள்ள" என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். கடிதம் வந்தால் பகல் வேலை. வராவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. வார்டக்காவுக்கு வழக்கம்போல ராத்திரி ஷிஃப்ட். அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகும்போது அம்மா தூங்குவாள், திரும்பி வரும்போது அம்மா கிளம்புவாள். "எம் பொண்ணு என்னைய ஃபோட்டோல பாத்தாதான் முழிச்ச முகத்தோட பாக்குறா டீச்சர்" என்று வார்டக்கா ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னார். டீச்சரும் சிரித்தார். சிரித்த பிறகு, இதை ஏன் இவள் என்னிடம் இப்போது சொல்கிறாள் என்று யோசித்தார்.

யோசிக்கக் காரணமும் இருந்தது. வகுப்பு தொடங்கிய புதிதில் எறும்பு மாதிரி ஊர்ந்தவர்கள், கொஞ்ச நாளில் குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தார்கள். நல்லதுதானே என்பீர்கள். டீச்சருக்கு அது நல்லதாகப் படவில்லை. ஒரு மாலையில் எல்லோருடைய குறிப்புகளையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தபோது அவருக்கு மூக்கில் வியர்த்தது. டிரைவரின் ரவுண்டானாவில் இருந்ததும், செக்யூரிட்டி அண்ணனின் பல்பட்ட பென்சில் எழுதியதும், வார்டக்காவின் குறிப்பும் ஒன்றே. அதே மூன்று கருத்துகள், அதே வரிசை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மூன்று சாட்சிகள் ஒரே வார்த்தையில் பேசினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

"கேள்வித்தாள் வெளியாகியிருக்கு" என்று அன்று வீட்டில் அறிவித்தார்.

"கேள்வியே இல்லியே, வெறும் பத்திதானே?" என்றார் கணவர்.

"பத்தி வெளியாகியிருக்கு."

"உனக்கு அப்படித் தோணுதா?"

தோன்றியது மட்டுமல்ல, குற்றவாளிகளும் தயாராக இருந்தார்கள். முதலில் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் டீச்சரைப் பார்த்ததும் எப்போதும் "வாங்கக்கா" என்று சிரிப்பார். காரணமில்லாமல் ஒருவன் ஏன் சிரிக்க வேண்டும்? டீச்சர் கடையை மாற்றினார். குறிப்புகள் மாறவில்லை. அடுத்தது நிலையத்தின் நிர்வாகி. மாணவர்கள் நன்றாகச் செய்தால் அவருக்குத்தானே விளம்பரம்? டீச்சர் பத்திகளை நிலையத்து அலமாரியில் வைப்பதை நிறுத்திவிட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். குறிப்புகள் மாறவில்லை. பிறகு பழைய புத்தகங்களிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டுத் தானே பத்தி எழுதினார். நத்தைகளைப் பற்றி, லிஃப்டைப் பற்றி, உலகத்தில் யாரும் படித்திருக்க முடியாத உப்புச்சப்பில்லாத விஷயங்களைப் பற்றி. அவையும் வெளியானால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. குறிப்புகள் மாறவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரைப் பார்த்த பார்வையில், மனிதர் தட்டோடு எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாணவர்கள் படிக்கும்போது டீச்சர் சும்மா இருப்பதில்லை. பலகைக்கு முன்னால் நின்று, தன் பிரதியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து படிப்பார். தானே எழுதியதை எதற்காகப் படிக்க வேண்டும்? ஜெராக்ஸில் யாராவது ஒரு வரியை மாற்றியிருந்தால்? முகத்தை எதற்காக மறைக்க வேண்டும்? முகத்தைப் பார்த்தே விடையைப் பிடித்துவிடுகிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். தன் முகத்தில் எதையும் படிக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆனாலும் எதற்கு வம்பு என்று காகிதத்தைத் திரையாக்கிக்கொண்டார்.

கடைசியில் நாத்தனாரைக் களத்தில் இறக்கினார். கணவரின் தங்கை, மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள். கள்ள மருந்துச்சீட்டை மூன்று அடி தூரத்திலேயே கண்டுபிடிப்பவள் என்று பேர். அவளையும் டீச்சர் சந்தேகப்பட்டுத்தான் இருந்தார். ஆனால் ஒரு சந்தேகத்தைப் பிடிக்க இன்னொரு சந்தேகத்தைத்தானே அனுப்ப வேண்டியிருக்கிறது?

"நான் வந்து என்ன பண்ணணும் அண்ணி? எனக்கு இங்கிலீஷ்ல மருந்து பேர் மட்டுந்தான் தெரியும்."

"ஒண்ணும் பண்ண வேணாம். பேப்பரக் குடு, உக்காரு, பாரு. யாரு யாரப் பாத்து எழுதுறாங்கன்னு மட்டும் பாரு."

"நீங்க?"

"எனக்குத் தொண்டை வலின்னு சொல்லிடு. நான் பக்கத்து ரூம்ல இருப்பேன்."

பக்கத்து அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. அதில் ஒரு ஆணி விழுந்த ஓட்டை. டீச்சர் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் நாத்தனார் பேப்பரைக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள்.

டீச்சர் எதிர்பார்த்தது ஒரு கள்ளப் பார்வை, ஒரு துண்டுச்சீட்டு, ஒரு இருமல் சமிக்ஞை. நடந்தது வேறு. மாணவர்கள் பேப்பரைப் பார்த்தார்கள். நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தார்கள். மறுபடி பேப்பரைப் பார்த்தார்கள். டிரைவர் ஒரு ரவுண்டானா போட்டுவிட்டு ரோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். செக்யூரிட்டி அண்ணனின் பென்சில் இரண்டாக ஒடிந்தது. வார்டக்கா, டாக்டர்கள் எழுதுவதையே படித்துச் சுருக்கப் போகிற அதே வார்டக்கா, முதல் வரியிலிருந்து பத்தியை அப்படியே பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார், கமா உட்பட.

"ஏங்க, நீங்க எங்க டீச்சர் மாதிரி நிக்க மாட்டீங்களா?" என்று டிரைவர் கேட்டது தடுப்புக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

"எனக்குக் கால் வலி" என்றாள் நாத்தனார். "அவங்களுக்குத் தொண்ட வலி. எங்க குடும்பத்துல ஆளுக்கு ஒண்ணு."

வகுப்பு முடிந்ததும் நாத்தனார் பேப்பர்களைக் கொண்டுவந்து டீச்சர் கையில் திணித்தாள். "அண்ணி, இவங்க யாரும் யாரையும் பாத்து எழுதல. எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. ஒரு மணி நேரமா எம் மூஞ்சியையே பாக்குறாங்க. எனக்கே வெக்கமா போச்சு."

டீச்சர் குறிப்புகளைப் புரட்டினார். இப்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இருந்தது. சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும், இரட்டிப்பானது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வார்டக்காவை அங்கேயே மடக்கினார்.

"ஏம்மா, உண்மையச் சொல்லுங்க. இத்தன நாளா உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

வார்டக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. "நீங்கதான் டீச்சர்."

"பாடத்தச் சொல்லல. எந்த வரிய எழுதணும்னு யாரு சொன்னா?"

"அதுவும் நீங்கதான் டீச்சர்."

"நான் எப்பச் சொன்னேன்?"

வார்டக்கா திரும்பி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் செக்யூரிட்டி அண்ணனைப் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் திருட்டுக் களை எதுவும் இல்லை. டீச்சருக்கு உடம்பு நிஜமாகவே சரியில்லை போலிருக்கிறதே என்கிற கவலைதான் இருந்தது.

"நீங்க பேப்பரத் தூக்கிப் புடிச்சுப் படிப்பீங்கல்ல," என்று வார்டக்கா தன் கையிலிருந்த காகிதத்தை முகத்துக்கு நேராக உயர்த்தினார். "எங்களுக்கு உங்க மூஞ்சி தெரியாது. ஆனா விரலு பின்பக்கம் தெரியுமில்ல? இந்த ஆள்காட்டி விரலு. நீங்க படிக்கப் படிக்க அது கீழ எறங்கிக்கிட்டே வரும். முக்கியமான வரி வந்தா நின்னு ஒரு தட்டுத் தட்டும். டொக்குன்னு. எங்க பேப்பர்ல அதே எடத்துல பாத்தா, அதே வரி. அத மட்டும் படிச்சுச் சுருக்கி எழுதுவோம்."

"பொய்த் தகவல்னா ரெண்டு தட்டு" என்று டிரைவர் சேர்த்துச் சொன்னார். "அது ஏமாத்து வரி, அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு அர்த்தம். நல்ல முறை டீச்சர் அது. சிக்னல் மாதிரி."

"அதையும் நீங்க சொல்லித்தர்றதா நெனச்சோம்" என்றார் செக்யூரிட்டி அண்ணன். "வெளிப்படையாச் சொன்னா மத்த வகுப்புக்காரங்க கத்துக்கிடுவாங்கன்னு, ஜாடையா சொல்லித்தர்றீங்கன்னு."

டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஊரில் ஒருவனையும் நம்பாமல், பத்தியை மடியில் கட்டிக்கொண்டு, கட்டினவனை ஜன்னலோரம் விரட்டிவிட்டு, கடைசியில் பார்த்தால் களவுக்குக் கதவைத் திறந்துவிட்ட கை அவருடையது. அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஒன்றும் தெரியாததுபோல் மடங்கியிருந்தது.

"அப்ப இத்தன நாளா நீங்க படிச்சது பத்திய இல்ல. என்னைய."

"ஆமா டீச்சர்" என்றார் டிரைவர் உற்சாகமாக. "நல்லாப் புரிஞ்சுது."

இதில் சிரிப்பதற்கு நிறைய இருந்தது. நாத்தனார் பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். டீச்சரால்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் டாக்டரின் சீட்டுக்குப் பின்னால் எந்த விரலும் நின்று தட்டப் போவதில்லை. கொடுக்கக் கூடாத மருந்து என்று எங்கோ நடுவில் ஒரு வரி இருக்கும். அதைப் பிடிக்காமல் விட்டால் படுக்கையில் கிடக்கிறவன் கதி? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்பார்களே. போடாவிட்டாலோ, வார்டக்காவின் மகள் முழித்திருக்கும் அம்மாவை ஃபோட்டோவில்தான் பார்க்க வேண்டும். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

மறுநாள் வகுப்பு புது விதியோடு தொடங்கியது. டீச்சர் பேப்பரைக் கொடுப்பார், கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். பலகைத் தடுப்பு ஓட்டையில் பஞ்சை அடைத்தார், அவர்கள் பக்கமிருந்து தன் கண்ணைப் படித்துவிடக் கூடாதே என்று. கீழேயிருந்து பல் டாக்டரின் மெஷின் சத்தம் வரும்; உள்ளே யாரோ பெருமூச்சு விடுவார்கள்; டீச்சர் இரண்டையும் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்பார்.

முதல் சில நாட்கள் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. டிரைவர், "ரோட்டுல லைட்டெல்லாம் அணைஞ்சு போன மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். வார்டக்கா அகராதிக்குக் கை நீட்டினார், டீச்சர் மறுத்தார். முழுப் பத்தியும் முக்கியம் மாதிரி இருக்கிறதே, எதை விடுவது என்று வார்டக்கா கேட்டார்.

"வார்டுல முப்பது பேரு ஒரே நேரத்துல கூப்பிட்டா யார்கிட்ட மொதல்ல போவீங்க?"

"கத்துறவங்ககிட்டப் போக மாட்டேன் டீச்சர். கத்துறவன் நல்லா இருக்கான்னு அர்த்தம். சத்தமில்லாமக் கெடக்கிறவன்கிட்ட போவேன்."

டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது; எங்கேயோ கேட்டுவந்து சொல்கிறாளோ என்று உடனே சந்தேகமும் வந்தது. "பத்தியிலயும் அப்படித்தான் தேடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஒரு நாள் வார்டக்காவின் குறிப்பு பளிச்சென்று இருக்கும். மறுநாள் சொதப்பலாக இருக்கும். வேகம் பாதியாகியிருந்தது. ஆனால் மூன்று பேர் குறிப்பும் இப்போது ஒன்றுபோல் இல்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்திருந்தார். இது டீச்சருக்கு ஒருவித நிம்மதி. ஆளுக்கொரு தப்புச் செய்கிறவர்கள் கூடிப் பேசவில்லை என்றாவது தெரிந்ததே.

மாதக் கடைசி வந்துவிட்டது. டீச்சர் கடிதம் எழுத உட்கார்ந்தார். நல்ல மனதோடுதான் உட்கார்ந்தார்; ஆனால் பேனாவைத் திறந்ததும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலத்தில், கண்ணைக் கூசவைக்கும் மரியாதையோடு, ஒரு முழுப் பக்கம். வார்டக்காவின் ஒழுக்கம், வருகை, விடாமுயற்சி எல்லாவற்றுக்கும் ஒரு புகழ்மாலை. நடுவில் ஒரு பத்தி மட்டும் கீழ்க்குரலில் பேசியது: தற்போது எமக்குத் தெரிந்த அளவில், வகுப்பறைச் சூழ்நிலைக்கு உட்பட்டு, இவர் வாசிக்கக்கூடியவராகத் தோன்றுகிறார், வெளியிடங்களில் இது எவ்வாறு அமையும் என்பதற்கு எழுதுபவர் உத்தரவாதம் கூற இயலாது. கீழே பெரிதாகக் கையெழுத்து. பார்ப்பதற்குப் பட்டமளிப்பு மாதிரி இருந்தது. நிலையத்து முத்திரையையும் குத்தினார்.

வார்டக்கா அன்று வகுப்புக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். டீச்சர் கடிதத்தை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"இதுதான் உங்களுக்குக் கடைசிப் பத்தி" என்றார். "இங்க உக்காருங்க. படிங்க. குறிப்பெடுங்க. நான் வெளிய இருக்கேன்."

"என் கடிதத்தையேவா டீச்சர்?"

"உங்களப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு தெரியாம வாங்கிட்டுப் போவீங்களா? யாருன்னே தெரியாத ஆளு பொட்டலத்தக் குடுத்தா வாங்குவீங்களா?"

வார்டக்கா உட்கார்ந்தார். டீச்சர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். எதற்காக இப்படிச் செய்தோம் என்று அவருக்கே நிச்சயமில்லை. வார்டக்கா புகழ்மாலையை மட்டும் படித்துவிட்டு "நன்றி டீச்சர்" என்று கண்கலங்கி வெளியே வந்தால் அதோடு கதை முடிந்தது. அவரால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். கடிதம் அப்படியே போகும். படிக்க முடியாதவருக்கு அந்தக் கடிதமே சரி.

கதவு திறந்தது. வார்டக்கா கண்கலங்கவில்லை. கோபமாகவும் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சீட்டைக் கொடுப்பதுபோல், ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் கோணல்மாணலான ஆங்கிலத்தில் மூன்று வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

நல்லவள், தினம் வந்தாள்.
கையெழுத்து இருக்கிறது. நம்பிக்கை இல்லை.
ஏதாவது ஆனால் → டீச்சர் பொறுப்பில்லை.

டீச்சர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். ஒரு பக்கக் கடிதத்தில் அவர் பொத்திப் பொத்தி ஒளித்துவைத்தது மூன்று வரியில் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது, அம்புக்குறியோடு.

"நடுவுல ஒரு பத்தி சத்தமில்லாமக் கெடந்துச்சு டீச்சர்" என்றார் வார்டக்கா. "அங்க மொதல்ல போனேன்."

"உத்தரவாதம்ங்கிறதுக்கு நான் போட்ட இங்கிலீஷ் வார்த்த உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கடந்து போயிட்டேன். அதுக்கு முன்னாடி 'முடியாது'ன்னு இருந்துச்சு, அது தெரியும்." கடிதத்தைப் பைக்குள் வைக்கப் போனார். "பரவால்ல டீச்சர். இதையே குடுத்துப் பாக்குறேன். தலைமை நர்ஸ் நடுவுல படிக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வரி டீச்சரைச் சுட்டது. இவள் தன்னைக் குத்திக்காட்டுகிறாளா, சமாதானம் சொல்கிறாளா? முகத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். இரண்டும் இல்லை, பகல் வேலை கிடைக்குமா என்கிற கவலை மட்டும்தான் தெரிந்தது. அதற்குமேல் எதையும் கண்டுபிடிக்க முடியாதது டீச்சருக்குப் புது அனுபவம்.

"குடுங்க அத" என்று கடிதத்தைப் பிடுங்கினார். கிழித்தார். வார்டக்காவின் வாய் திறந்தபடி நின்றது. டீச்சர் மேஜைக்குப் போனார், உட்காரக்கூட இல்லை, குனிந்தபடியே நிலையத்தின் தாளில் இரண்டே வரி எழுதினார். நான் அறையில் இல்லாதபோது இவர் படித்தார், சரியாகக் குறிப்பெடுத்தார். இவரால் முடியும். கையெழுத்து. முத்திரையைக் குத்தியபோது மேஜை அதிர்ந்தது. எங்கேயும் 'தோன்றுகிறது' இல்லை. அவர் வாழ்க்கையிலேயே பின்வாசல் வைக்காமல் எழுதிய முதல் கடிதம்.

வார்டக்கா வாங்கிக்கொண்டார். பையில் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போய் நின்று, இரண்டு வரியையும் படித்தார். முத்திரையைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பக்கக் கடிதத்துக்கு எடுத்துக்கொண்டதைவிட இதற்கு அதிக நேரம் ஆனது. உதடு அசைந்தது. டீச்சர் அதைக் கண்டிக்கவில்லை.

"என்ன, ஏதாவது தப்பா இருக்கா?"

"இல்ல டீச்சர்" என்றார் வார்டக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல எங்க மறைச்சு வச்சிருக்கீங்கன்னு தேடிக்கிட்டிருக்கேன்."